பெரியப்பாவை மட்டும் எடுத்துட முடியுமா?

கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபக் கணக்குகூட முடிஞ்சிருக்காது. அதுக்குள்ள ஃபேமிலி க்ரூப்ல கல்யாண போட்டோவைத் திருத்துற வேலை வந்து விழும். வீட்டுல புதுசா கேமரா வாங்கின பையன் ஒருத்தன் இருக்கான்னு தெரிஞ்சா போதும். “தம்பி, இதைக் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிக் குடுப்பா.” பளிச்சுன்னா என்னன்னு திருப்பிக் கேட்டா, “அதான்ப்பா, பளிச்சுன்னு!”

பையன் உடனே எல்லா நிறத்தையும் அழுத்தமாக்குற சாச்சுரேஷனை +60க்கு இழுப்பான். கல்யாணப் பொண்ணோட சிவப்புப் பட்டு அங்கேயே காலி. போட்டோ சேவ் ஆகுற ஜேபெக் ஃபைல்ல சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் இடம். பட்டுல சிவப்பு ஏற்கெனவே மேல்விளிம்புக்குப் பக்கத்துல நிக்கும். இன்னும் தள்ளினா மடிப்பு, புட்டா எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாயிடும். “ஜரிகை எங்கப்பா? அதுக்குத்தானே அவ்வளவு காசு குடுத்தோம்?”னு பொண்ணோட அம்மா கேப்பாங்க, நியாயம்தான். லைட்ரூம்ங்கிற எடிட்டிங் ஆப்ல வைப்ரன்ஸ்னு ஒண்ணு இருக்கு. அது மங்கின நிறங்களைத்தான் அதிகமா தூக்கும், தோல் நிறத்துல மெதுவா கைவைக்கும். +15 தாண்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

நிறத்தைக் கூட்டுறதுக்கு முன்னாடி ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாத் தெரியுதான்னு பார்த்துச் சரி பண்ணணும். வெளிச்சத்தோட நிறத்தைக் கெல்வின்ல அளப்பாங்க: மஞ்ச பல்பு 3000 கெல்வின் பக்கம், பகல் வெளிச்சம் 5500 பக்கம். மண்டபத்துல ரெண்டும் கலந்து அடிக்கும். ‘இதுதான் வெள்ளை’ன்னு ஆப்புக்குத் தொட்டுக் காட்டுற ட்ராப்பரை எடுத்து மாமா வேட்டியில வைங்கன்னு எல்லா வீடியோவும் சொல்லும். ஆனா மாமா வேட்டி வெள்ளையா என்ன? சொட்டு நீலத்துல முங்கி எழுந்தது. அந்த லேசான நீலத்தை ஆப் ‘தப்பு’ன்னு நெனச்சு, சரி பண்றேன்னு படம் முழுக்க மஞ்சளைப் பூசிடும். இன்னொரு வம்பு, ஃப்ளாஷ் பட்டுப் பர்ன் ஆன வெள்ளை. அங்க மூணு நிறமும் 255ல முட்டி நிக்கும், நிறத்தைப் பத்தின தகவலே கிடையாது, ட்ராப்பர் என்னத்தைக் கண்டுபிடிக்கும்? கொஞ்சம் நிழல் விழுந்த மடிப்புல வெச்சுட்டு, அப்புறம் முகத்தைப் பார்த்து மஞ்சள்-நீலத்தை மாத்துற டெம்பரேச்சர் ஸ்லைடரைக் கையால நகர்த்துறதுதான் சரி. ராத்திரி போன்ல கண்ணுக்கு இதமான மஞ்ச ஸ்க்ரீன் மோடை அணைக்காம இந்த வேலையைச் செய்யாதீங்க. ஸ்க்ரீன் மஞ்சளைப் படத்தோட மஞ்சள்னு நெனச்சு நீலத்தைக் கூட்டுவீங்க. காலையில மத்தவங்க போன்ல மொத்த சொந்தமும் குளிர்ல விறைச்ச மாதிரி நிக்கும்.

ரிசப்ஷன் படம் வேற ரகம். மேடையில ஊதா எல்இடி போட்டிருப்பாங்க, பொண்ணு முகமே கத்தரிப்பூ நிறத்துல இருக்கும். “முகத்தை மட்டும் நார்மலாக்கு.” அந்த வெளிச்சத்துல சிவப்பும் நீலமும்தான் வந்துச்சு, பச்சை வரவே இல்ல. இல்லாத பச்சையை எந்த ஸ்லைடர் கொண்டுவரும்? இழுக்க இழுக்க முகம் சாம்பலடிக்கும். கருப்பு வெள்ளையாக்கிக் குடுங்க. “கலர் படம் எங்க?”ன்னு சித்தி கேட்டா, “இப்ப இதான் சித்தி ட்ரெண்டு”ன்னு சொல்லுங்க. பாதிப் பேர் நம்பிடுவாங்க.

அடுத்தது நம்ம ஊரோட தீராத கோரிக்கை: “மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெள்ளையாக்கு.” இதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. முகம் இருட்டா விழுந்திருந்தா வெளிச்சம் குடுக்கலாம், நிறத்தை மாத்துற வேலை நம்மளது இல்ல. படத்தோட மொத்த வெளிச்சத்தை, அதாவது எக்ஸ்போஷரை ஏத்தினா வேட்டிதான் முதல்ல பர்ன் ஆகும். வெளிச்சமான இடங்களுக்கான ஹைலைட்ஸை -30 பக்கம் இறக்கி, இருட்டான இடங்களுக்கான ஷேடோஸை +25 பக்கம் ஏத்துங்க. அதுலயும் போதலைன்னா ஸ்நாப்சீட் ஆப்ல செலக்டிவ்னு ஒரு டூல்: முகத்துல ஒரு தொடு, புள்ளி விழும். ரெண்டு விரலை வெச்சு விரிச்சா சுருக்கினா வட்டம் மாறும், எந்த இடம் மாட்டுதுன்னு சிவப்பாக் காட்டும். வட்டம் முகத்துக்குள்ள நின்னதும் விரலைப் பக்கவாட்டுல நகர்த்தி பிரைட்னஸ் +15. அப்புறம் கழுத்தையும் காதையும் பாருங்க. முகம் ஒரு நிறம், காது ஒரு நிறம்னு தெரிஞ்சா பவுடர் போட்ட மாதிரி இருக்கும், குறைச்சிடுங்க. ஷேடோஸை +80க்கு ஏத்தினா இருட்டுல ஒளிஞ்சிருந்த புள்ளிப் புள்ளியான நாய்ஸ் எல்லாம் சபைக்கு வந்துடும்.

நுணுக்கமான கோடுகளை எடுத்துக் காட்டுற ஸ்ட்ரக்சரைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். கோபுரம், பாறை, பழைய மரக்கதவு இதுக்கெல்லாம் +30 அழகா இருக்கும். அதையே அத்தை இருக்கிற படத்துல போட்டா ஒவ்வொரு சுருக்கத்துக்கும் தனித்தனியா கோடு போட்டுக் குடுக்கும். அத்தை க்ரூப்ல எதுவும் சொல்ல மாட்டாங்க. உங்க அம்மாவுக்குப் போன் போடுவாங்க. ஆள் இருக்கிற படத்துல விளிம்பைக் கூர்மையாக்குற ஷார்ப்பனிங்கை மட்டும் லேசா, அதுவும் கடைசியில குடுங்க. முன்னாடியே குடுத்துட்டா அப்புறம் செய்யுற ஒவ்வொரு மாத்தத்துலயும் விளிம்புல வெள்ளைக்கோடு தடிச்சுக்கிட்டே போகும்.

இப்ப பெரியப்பா. மூணாவது நாள் தனி மெசேஜா வரும்: “அவரை மட்டும் எடுத்துட முடியுமா? காரணம் கேக்காத.” ஹீலிங் டூல் பக்கத்துல இருக்கிற பரப்பை எடுத்து ஒட்டுற சமாச்சாரம். வெறும் சுவர், வானம், தரையில கிடக்கிற தண்ணி பாட்டில்னா ஜூம் பண்ணிச் சின்னச் சின்னதாத் தேய்ச்சா சுத்தமாப் போயிடும். பெரியப்பாவுக்குப் பின்னாடி இருக்கிறது பூ அலங்காரமும் நாலு தலையும். தேய்ச்சா பக்கத்துல நிக்கிற சித்தப்பாவோட பாதிக் காதைக் கொண்டுவந்து ஒட்டும். ஏஐ அழிப்பான்னா இல்லாததைத் தானே வரைஞ்சு நிரப்பும். எல்லாம் முடிஞ்சு அனுப்பினதுக்கு அப்புறம்தான் தெரியும், மாப்பிள்ளை தோள்ல ஒரு கை மட்டும் மோதிரத்தோட மிச்சம் இருக்கு. அவர் ஓரத்துல நின்னிருந்தா க்ராப் பண்றதுதான் கௌரவமான வழி. நடுவுல நின்னிருந்தா ரெண்டு குடும்பமும் பேசித்தான் தீர்த்துக்கணும்.

க்ராப்னதும் பிரிண்ட் ஞாபகம் வருது. போன் படத்தோட நீள-அகல விகிதம் பெரும்பாலும் 4:3. 4×6 அங்குல பிரிண்ட் 3:2. அப்படியே கடையில குடுத்தா உயரத்துல ஒன்பதுல ஒரு பங்கு போயிடும். பின்வரிசையில நிக்கிற உயரமானவங்க தலைதான் முதல்ல போகும். நீங்களே 3:2 வெச்சு வெட்டிக் குடுங்க. ஹால்ல மாட்ட 12×18 போடணும்னா 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 5400×3600 பிக்சல் வேணும், ரெண்டு பக்கமும் பாதி இருந்தாலும் தள்ளி நின்னு பார்க்கச் சமாளிக்கலாம். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா நீளப்பக்கம் 1600 பிக்சல் பக்கம் சுருங்கிடும். 18 அங்குலத்துக்கு விரிச்சா அங்குலத்துக்கு 90கூட தேறாது. அதனால டாக்குமென்டா அனுப்புங்க. ஒரிஜினல் மேலயே சேவ் பண்ணாம காப்பியா வைங்க, ஏன்னா ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மெசேஜ் வரும்: “தம்பி, சமாதானமாயிடுச்சு. பெரியப்பா இருக்கிற படம் வெச்சிருக்கியா?”