பாய் தளர்ந்த கப்பல்

ஆம்ஸ்டர்டாமில் இறங்கி இரண்டு நாளாகியும் துறைமுகம் கண்ணில் படவில்லை. நான் தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் பழைய துறைமுகத்துப் பக்கம் காலாற நடந்தாலே தோணிகளின் பாய்மரம் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் பாதி உலகத்துக் கடல் வாணிபத்தைக் கையில் வைத்திருந்த ஊருக்கு வந்திருக்கிறேன், இங்கே பார்த்த பக்கமெல்லாம் கால்வாயும் சைக்கிளும்தான். இந்த ஊரின் கடல் எங்கே போயிற்று என்ற கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அது ஒரு சுவரில் கிடைத்தது.

நான் போனது 2019 செப்டம்பரில். கல்வர்ஸ்ட்ராட் கடைத்தெருவை ஒட்டி, முன்பு அநாதைக் குழந்தைகள் இல்லமாக இருந்த பழைய கட்டடத்தில் ஆம்ஸ்டர்டாம் மியூசியம் இருந்தது. (அந்தக் கட்டடத்தைப் புதுப்பிப்பதற்காக 2022இல் மூடிவிட்டார்கள். போக நினைப்பவர்கள், நான் சொல்லப்போகும் படம் இப்போது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.) உள்ளே ஒரு அறையில் 3 மீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒரு துறைமுகமே நின்றது. வில்லெம் ஃபான் டெ ஃபெல்டெ என்ற டச்சு ஓவியர் 1686இல் வரைந்த எண்ணெய் ஓவியம். நகரத்துக்கு முன்னால் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்பு, அதன் நடுவே 'ஹவ்டன் லேயு' என்ற பெரிய போர்க்கப்பல். தங்கச் சிங்கம் என்று பொருள். அந்த நீர்ப்பரப்புக்கு டச்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் எழுத ஒரே எழுத்துப் போதும்: ஐ. இதை எண்ணி ரொம்ப நேரம் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

முதலில் கண்ணுக்குப் பட்டது அந்தக் கப்பலின் உருவம்தான். ஆனால் மனதில் தங்கியது பாய்கள். காற்றை வாங்கிப் புடைத்து நிற்கவில்லை, பாயைக் கட்டும் குறுக்குக் கட்டைகளான பருமல்களில் இருந்து தளர்ந்து தொங்குகின்றன. என் தாய்மாமா தோணியில் தண்டலாக, அதாவது தோணியை நடத்தும் தலைவராக, இருந்தவர். மழையில் நனைந்த பாயை ஈரத்தோடு சுருட்டவே விடமாட்டார், "இத்துப் போயிரும்ல, விரிச்சுப் போடு" என்பார். துறையில் நிற்கிற நாளில் பாயை அவிழ்த்து வெயிலில் தொங்கவிடுவார்கள். இந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. சுமார் 80 பீரங்கி ஏற்றிய கப்பல், பாயை உலர்த்துகிற தோணி மாதிரி சாவகாசமாக நிற்கிறது. மரியாதைக்குச் சுட்ட வெடியின் புகை மட்டும் வெள்ளையாக நீரின்மேல் போகிறது.

சுற்றிலும் சின்னப் படகுகள். சிலவற்றின் பக்கவாட்டில் பெரிய மீன்செதில் வடிவில் ஒரு பலகை தொங்கும். டச்சு நீர்நிலைகள் ஆழம் குறைந்தவை. அதனால் அடிமரம் ஆழமாக இறங்கும் படகு அங்கே தரைதட்டும். தட்டையான அடியோடு படகைக் கட்டிவிட்டு, பக்கக்காற்று தள்ளும்போது மட்டும் இந்தப் பலகையை நீரில் இறக்குவார்கள். ஆழத்துக்குப் போனால் பிடிமானம், கரைக்கு வந்தால் தூக்கிக்கொள்ளலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய கப்பல்கள் வடக்கே டெக்ஸல் தீவு அருகில் நங்கூரமிடும். சரக்கைப் படகுகளில் மாற்றித்தான் ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கம்பெனி எங்கள் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தது 1658இல். படம் வரையப்பட்டபோது 28 ஆண்டு ஆகியிருந்தது. எங்கள் கரையில் இருந்து போன துணிமூட்டை கடைசியாக ஏறியது இப்படி ஒரு படகில்தானே! அதனால் பெரிய கப்பலைவிட அந்தப் படகுகளையே அதிக நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓவியரின் கதை எனக்கு இந்தப் படத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பாட்டனார் லெய்டன் ஊரில் படகு ஓட்டியவர். அப்பாவுக்கும் வில்லெம் என்றே பெயர். அவர் டச்சுக் கடற்படையோடு கூடவே சிறு படகில் போய், குண்டு பாய்கிற இடத்தில் உட்கார்ந்து காகிதத்தில் வரைந்தவர். சில படங்களின் முன்பக்கத்தில், படகில் அமர்ந்து வரைந்துகொண்டிருக்கும் தன்னையே சேர்த்திருக்கிறார். 1633இல் பிறந்த மகன், அப்பாவிடமும் பிறகு சிமோன் டெ ஃப்ளீகர் என்ற கடல் ஓவியரிடமும் கற்றார். எந்தக் கயிறு எங்கே தொடங்கி எந்த உருளையில் போய்ச் சேர்கிறது என்பதில் அவர் கை தப்புவதில்லை. அந்தக் கயிறுகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனேன். மாமா பக்கத்தில் இருந்திருந்தால் இந்தக் கப்பலைக் கிளப்பிவிடுவார் என்று தோன்றியது.

1672இல் பிரெஞ்சுப் படை நெதர்லாந்துக்குள் புகுந்தது. இங்கிலாந்தோடும் போர். ஊரே நிலைகுலைந்திருக்கும்போது ஓவியத்தை யார் வாங்குவார்கள்? அந்தக் குளிர்காலத்தில் அப்பாவும் மகனும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். எதிரியின் நாட்டுக்கு! மன்னர் இரண்டாம் சார்லஸ் 1674இல் இருவருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 100 பவுண்டு சம்பளம் போட்டார். அப்பா கடற்போர்களைக் கோட்டில் வரைய வேண்டும், மகன் அதற்கு வண்ணம் கொடுக்க வேண்டும். கிரீனிச்சில் இருந்த குயின்ஸ் ஹவுஸ் மாளிகையில் அவர்களுக்குப் பட்டறை. இடையில், 1673 ஆகஸ்டில், இதே தங்கச் சிங்கத்தில் இருந்துதான் டச்சுத் தளபதி கார்னெலிஸ் டிராம்ப் ஆங்கிலேயருடன் டெக்ஸல் அருகே மோதினார். எதிரில் வந்த ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஸ்ப்ராக், கப்பல் மாறப் படகில் போனபோது அது மூழ்கி இறந்துபோனார்.

இத்தனையும் நடந்த பிறகு, ஆங்கில மன்னரின் சம்பளக்காரராகிப் பல ஆண்டு கழிந்த பிறகு, ஃபான் டெ ஃபெல்டெ பிறந்த நாட்டின் துறைமுகத்தை வரைந்தார். தங்கச் சிங்கம் உடைக்கப்பட்டதும் அதே 1686இல்தான். அவர் நினைத்திருந்தால் புகையும் நெருப்புமாக ஒரு போரை வரைந்திருக்கலாம். அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஓய்ந்து நிற்கிற கப்பலையும் அலையடிக்காத நீரையும் மேகத்துக்குக் கீழே சொந்த ஜனங்களின் கோபுரங்களையும் வரைந்தார். வெளிநாட்டில் பிழைக்கப் போனவன் ஊருக்கு வந்து கரையில் நின்று பார்க்கிற பார்வை அது. வளைகுடாவில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு அது நன்றாகவே புரிகிறது. கண் கலங்கிவிட்டது, பக்கத்தில் நின்ற காவலாளிப் பெண்மணி மெதுவாக வேறு பக்கம் நகர்ந்துபோனார்.

மறுநாள் காலை அந்தக் கோணத்தைத் தேடிப் போனேன். மத்திய ரயில் நிலையத்தின் பின்பக்கம் இறங்கினால் ஐ. வடகரைக்கு ஃபெர்ரி, கட்டணம் கிடையாது, சில நிமிடப் பயணம். சைக்கிளோடு நிற்கிறவர்களுக்கு நடுவே நின்று ஊரைத் திரும்பிப் பார்த்தேன். கோபுரங்கள் தெரியவில்லை, ரயில் நிலையம்தான் குறுக்கே நீளமாகக் கிடந்தது. இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அங்கேதான் பதில். பழைய துறைமுகத்தின் நீருக்குள்ளேயே மணல் கொட்டித் தீவுகளாக்கி, 8,687 மரக்கம்பங்களை அறைந்து, 1889இல் திறந்த நிலையம் அது. அதற்கு முன்பே 1872இல் கிழக்கே மதகு கட்டி ஐயைக் கடலில் இருந்து பிரித்துவிட்டார்கள். படத்தில் இருக்கிற அந்த அகன்ற நீர் இனி படத்தில் மட்டுமே.

திரும்பி வந்ததும் நிலையத்துக்குக் கிழக்கே ஸ்க்ரையர்ஸ்டோரன் கோபுரத்துக்கு நடந்தேன். துறைமுக அதிகாரிகள் இந்தப் படத்தை முதலில் மாட்டியிருந்த இடம். உருண்டையான பழைய செங்கல் கோபுரம், கீழே ஒரு கஃபே. ஒரு காபி வாங்கிக்கொண்டு சன்னலோரமாக உட்கார்ந்தேன். அன்றைக்கு இங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சன்னல் வழியே ஒரு துறைமுகம், சுவரில் ஒரு துறைமுகம். வெளியே தண்டவாளத்தில் ஒரு மஞ்சள் ரயில் மெதுவாக நிலையத்துக்குள் போனது. மாமாவுக்கு அனுப்புவதற்காகப் படத்தின் அஞ்சலட்டை ஒன்று வாங்கியிருந்தேன். அதன் பின்பக்கத்தில், "பாய் காயப் போட்டிருக்காங்க, பாருங்க மாமா" என்று எழுதினேன்.