பத்தாங் காலியிலிருந்து கேஎல்: கொமுட்டரில் சுற்றிப் பார்க்க

பத்தாங் காலி மாதிரித் தோட்டத்துப் பக்கமிருந்து கேஎல் எனும் கோலாலம்பூரைச் சுற்றிப் பார்க்கக் கார் தேவையே இல்லை, கேடிஎம் கொமுட்டர் எனும் புறநகர் ரயில் போதும். தட்டிக் கட்டணம் செலுத்தும் டச் அன் கோ அட்டையில் முதல் நாளே 20, 30 வெள்ளி (ரிங்கிட்) போட்டுவிடுங்கள். இருப்பு குறைந்தால் கேட் திறக்காது. ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒன்றைத் தட்டிக் குடும்பமே நுழைய முடியாது. நடுவில் வரும் பிங்க் நிறப் பெட்டி பெண்களுக்கு மட்டும்.

பலரும் தடுமாறுவது பத்துமலை முருகன் கோயிலுக்குப் போகும்போதுதான். நம் ரயில் தஞ்சோங் மாலிம் – கிள்ளான் துறைமுகத் தடம். பத்துமலைக்குத் தனித் தடம். இரண்டும் சேருமிடம் புத்ரா நிலையம். அங்கேயே இறங்கி, பலகையில் 'பத்து கேவ்ஸ்' என்று பார்த்து ஏறுங்கள். நகரின் மைய நிலையமான கேஎல் சென்ட்ரல் வரை போய்த் திரும்புவது வீண் அலைச்சல்.

இரட்டைக் கோபுரத்துக்கு கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா தட எல்ஆர்டி (இலகு ரயில்) பிடித்தால் நேராக கேஎல்சிசி நிலையம். அட்டை இல்லாதவர்கள் இயந்திரத்தில் நீல டோக்கன் எடுக்கலாம்; நுழையும்போது தட்டணும், வெளியேறும்போது துளையில் போடணும். மோனோரயிலுக்கு நு சென்ட்ரல் பேரங்காடி வழியாக நடக்கணும். அப்படியே வெளியே வந்தால் துன் சம்பந்தன் சாலை, பிரிக்பீல்ட்ஸ். பசியாற அதைவிட நல்ல இடமில்லை.

50 வெள்ளி மை50 மாதப் பாஸ், எல்ஆர்டி, மோனோரயில் நடத்தும் ரெப்பிட் கேஎல் நிறுவனத்தின் ரயிலுக்கும் பஸ்சுக்கும்தான், கொமுட்டரில் செல்லாது. திரும்பும் வழியில் ரவாங் நிலையத்தைத் தாண்டி கொமுட்டர் அடிக்கடி வராது. திரும்பும் நேரத்தைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.