ஒப்பந்தமே போடாம நடந்த கூட்டு வேலை

சர்வதேச அறிவியல் கூட்டுறவுன்னாலே எல்லாரும் ஐடெர் (சூரியன்ல நடக்குற மாதிரி அணுக்கருக்களை இணைச்சு சக்தி எடுக்கப் பார்க்குற பல நாட்டு உலை) பத்தி தான் பேசுறாங்க. 1985ல ரீகனும் கோர்பச்சேவும் ஜெனீவால பேசி விதை போட்டது, பிரான்ஸ்ல இன்னும் கட்டி முடியல.

எனக்கு அதைவிட பெரோவ்ஸ்கைட்ங்கிற ஒரு வகை படிகப் பொருள்ல செய்யுற சோலார் செல் கதை தான் பிடிக்கும். 2009ல ஜப்பான்ல மியாசாகா குழு செஞ்சப்போ எஃபிஷியன்சி (விழுற ஒளியில எவ்ளோ மின்சாரமா மாறுதுங்கறது) வெறும் 3.8% தான், அதுவும் மின்னூட்டத்தை கடத்த உள்ள இருந்த திரவம் (எலக்ட்ரோலைட்) அந்த பெரோவ்ஸ்கைட்டையே கரைச்சிடும், அதனால யாரும் பெருசா கண்டுக்கல. அப்புறம் 2012ல தென்கொரியால பார்க் குழு சுவிட்சர்லாந்துல இருந்த கிராட்ஸலோட சேர்ந்தும், இன்னொரு பக்கம் ஆக்ஸ்ஃபோர்டுல ஸ்னெய்த் குழு அதே மியாசாகாவோட சேர்ந்தும் திரவத்தை தூக்கிட்டு திடப்பொருளை வச்சாங்க, ஒரேடியா 10% பக்கம் ஏறிடுச்சு! இப்போ லேப்ல 26% தாண்டியாச்சு, வழக்கமான சிலிக்கான் சோலார் செல் இந்த உயரத்துக்கு வர பல பத்தாண்டு ஆச்சு.

இதுக்கு எந்த நாட்டு தலைவரும் கைகுலுக்கி போட்டோ எடுக்கல பாருங்க. பேப்பர் வந்துச்சு, ஆராய்ச்சி பண்ற பசங்க லேப் விட்டு லேப் போனாங்க, அவ்ளோ தான். விசா கெடுபிடி பண்ற அரசாங்கங்க இதை கொஞ்சம் யோசிக்கணும்.

பிரச்சனை இல்லாம இல்ல. ஈரம் பட்டா கெட்டுப்போகும், விஷமான ஈயம் வேற இருக்கு. ஆளாளுக்கு ஒரு மாதிரி டெஸ்ட் பண்ணி "என் செல் தான் ரொம்ப நாள் உழைக்குது"ன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஒப்பிடவே முடியாது. 2020ல பல நாட்டு லேப்கள் உட்கார்ந்து, எந்த வெப்பத்துல, எந்த ஒளியில, எப்படி சோதிக்கணும்னு பொதுவா ஒரு முறையை ஒத்துக்கிட்டாங்க. போரடிக்கிற வேலை தான், ஆனா என்னைக் கேட்டா ரெக்கார்ட் எஃபிஷியன்சிய விட இது தான் பெரிய விஷயம்.