உலைச் சுருளும் ராக்கெட் நாசிலும்

ஏப்ரல் 17, 2024, புதன்

பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலைக்கு இஸ்ரோ கார்பன்-கார்பனில் (கார்பன் இழையைக் கார்பனாலேயே பிணைத்தது) நாசில், அதாவது எரிபுகை பீறிடும் கூம்பு, செய்திருக்கிறது. இதுவரை இருந்தது நியோபியக் கலப்புலோகம். நாசிலின் எடை 67 சதவீதம் குறைவதால் 15 கிலோ கூடுதலாகச் சுமக்கலாமாம். 2-ஆம் தேதி மகேந்திரகிரியில் 200 விநாடி எரித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரும் எடையைப் பேசுவார்கள். எனக்குக் கண்ணில் பட்டது மேலே பூசியிருக்கும் சிலிக்கன் கார்பைடு. அது இல்லாவிட்டால் அந்தச் சூட்டில் கார்பன் வெறும் அடுப்புக்கரிதான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்ட மையோடு அக்கா மகள் வந்தாள். உலோகவியல் படிக்கிறாள்.

"மேலே காற்றே கிடையாதே மாமா, எதற்குப் பூச்சு?"

ஆக்சிஜனை ராக்கெட்டே தூக்கிக்கொண்டு போகிறதே! எரிந்து வரும் புகையில் இருக்கும் நீராவியே உலோகத்தை அரிக்கப் போதும். பழைய நாசிலின் நியோபியத்துக்கும் பூச்சு இல்லாமல் ஆகாது. அது உருக 2,477 டிகிரி வேண்டும். ஆனால் 500 டிகிரி தாண்டினாலே ஆக்சைடு ஏறத் தொடங்கிவிடும். அந்த ஆக்சைடு உலோகத்தைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் இடம் கேட்கும். ஒட்டி நிற்காமல் வெடித்து உதிரும்.

ஏப்ரல் 20, சனி

மதுரைப் பக்கம் கப்பலூரில் இருக்கும் நம் பட்டறையில், மின் உலையைச் சூடாக்கும் கம்பிச் சுருள் அறுந்தது. நல்ல நேரம் பார்த்துத்தான் அறுகிறது! அக்கா மகளிடம் துண்டைக் கொடுத்தேன். வெளியே மங்கிய சாம்பல் நிறத் தோல். நகத்தால் கீறினாலும் வரவில்லை. அறுந்த முகத்தில் கல்கண்டுத் தூள் மின்னுவதுபோல் பருத்த உலோகப் படிக மணிகள். இரும்பு, குரோமியத்தோடு 5 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கம்பி இது. அந்த அலுமினியம் வெளியே வந்து அலுமினா என்ற அலுமினிய ஆக்சைடுத் தோலாகிறது. தோலில் விரிசல் விட்டால் உள்ளிருந்து மறுபடி வரும். உள்ளே இருப்பு தீர்ந்ததும் இரும்பு பற்றிக்கொள்ளும். கம்பியின் கதை முடிந்தது.

நியோபியத்துக்கு இப்படிக் கைவசம் எதுவும் இல்லை. வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

ஏப்ரல் 22, திங்கள்

தேரோட்டம். பட்டறை விடுமுறை, மாசி வீதிகளில் நகர இடமில்லை. வீட்டுத் திண்ணையில் பேச்சு தொடர்ந்தது.

நியோபியத்துக்குப் பூச்சு என்றால், சிலிக்கன் 60, குரோமியம் 20, இரும்பு 20 சதவீதம் என்று பொடி கலந்து, குழம்பாக்கித் தெளித்து, வெற்றிட உலையில் சுடுவார்கள். சிலிக்கன் நியோபியத்துக்குள் ஊறி சிலிசைடு என்ற சேர்மமாகும். ஆறும்போது மயிரிழை விரிசல் விடுவது சகஜம். மறுபடி சூடேறும்போது மேலே உருவாகும் சிலிக்காக் கண்ணாடி இளகி அவற்றை அடைக்கும். கூரான விளிம்பில்தான் வம்பு: குழம்பு அங்கே நிற்காமல் வழிந்துவிடும். அதனால் விளிம்பையெல்லாம் முதலிலேயே உருட்டிவிட வேண்டும். பாடப் புத்தகத்தில் இது இல்லை என்றாள். இருக்காது!

ஏப்ரல் 25, வியாழன்

இன்னும் சூடு வேண்டும் என்பவர்கள் ரீனியம் என்ற உலோகத்தின் மேல் இரிடியம் என்ற இன்னோர் உலோகத்தைப் பூசி 2,200 டிகிரி வரை போயிருக்கிறார்கள். விலையைக் கேட்டால் நமக்குக் காய்ச்சல் வரும்.

புதுச் சுருள் வந்துவிட்டது. முதலில் காலி உலையாக 1,050 டிகிரியில் சில மணி நேரம் வைத்துத் தோல் பிடிக்கவிட வேண்டும். ஆர்டர்காரர் இன்றே கேட்கிறார். நாளைக்குத்தான்.