அவங்களுக்கு ரூல் இல்லையா மாஸ்டர்?

"மாஸ்டர், இதுல ஒரு கையெழுத்து வேணும்."

பயிற்சி முடிந்து சின்னப் பிள்ளைகள் ஜூடோ மேட் விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் விரல் கணுக்களில் சுற்றியிருந்த டேப்பைப் பல்லால் கடித்துப் பிரித்துக்கொண்டே நின்றாள். இன்னொரு கையில் நாலாக மடித்த ஒரு தாள். வியர்வை பட்டு மடிப்பு ஓரம் ஊறிப்போயிருந்தது. உஸ்பெக் நாட்டு மல்யுத்தமான குராஷ் போட்டிக்கான விண்ணப்பம். கடைசியில் 'பயிற்சியாளர் ஒப்புதல்' என்று ஒரு கோடு.

நான் முழுசாகப் படிக்கக்கூட இல்லை. "இதுக்கெல்லாம் போகக் கூடாதும்மா. ஃபெடரேஷன் ரூல் இருக்கு. வேற மேட்ல இறங்கினேன்னு தெரிஞ்சா ஜூடோவுல பேரை எடுத்துடுவாங்க" என்றேன்.

"சரிங்க மாஸ்டர்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. தாளை மறுபடி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். 2018-ன் தொடக்கத்தில் நடந்தது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன், ஒரு தடவை ஒரு பையனை ஹாஸ்டலை விட்டே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் மறந்துபோயிற்று. இந்த 'சரிங்க மாஸ்டர்' மட்டும் போகவில்லை.

நான் சொன்ன அந்த விதி இருந்தது, அது பொய்யில்லை. சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010-களின் நடுவில் கொண்டுவந்ததுதான். உலகத் தரவரிசையில் மேலே இருக்கும் ஜூடோ வீரர்கள் சோவியத் மல்யுத்தமான சாம்போ, தரையில் பூட்டுப் போட்டு மடக்கும் பிரேசிலியன் ஜியு-ஜிட்சு மாதிரியான மற்ற பிடிச்சண்டைப் போட்டிகளில் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. எங்களுக்குள் அதைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தத் தரவரிசையில் பெயர் வர வேண்டுமென்றால் முதலில் வெளிநாட்டுக்குப் போய்ச் சம்மேளனத்தின் போட்டிகளில் ஆட வேண்டும். இவளிடம் அப்போது பாஸ்போர்ட்டே கிடையாது. மாநில அளவில் ஜெயித்து, நேஷனல்ஸில் ஒரு மெடலுக்காக உழைத்துக்கொண்டிருந்த பிள்ளை. அந்த விதிக்கும் இவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும்.

என் பக்கம் இருந்தது ஒரு ஃபோன் கால். அதற்குச் சில வாரம் முன்னால் நிர்வாகத்தில் இருந்த ஒருவர் கூப்பிட்டு, "பசங்களை வேற ஸ்டைலுக்கு விட்டுடாதீங்க மாஸ்டர், மேல கேக்குறாங்க" என்றார். எழுத்தில் எதுவும் வரவில்லை, நானும் கேட்கவில்லை. மேலே என்றால் யார் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு அது தேவைப்படவில்லை. அவர் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது.

பிடித்திருந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் நின்ற நிலையில் நன்றாக ஆடுவாள். எதிராளியின் தொடைக்கு நடுவில் காலை விட்டுத் தூக்கி எறியும் உச்சிமாத்தா போட்டால் எதிராளி எழுந்து மூச்சு விடவே நேரம் ஆகும். கீழே விழுந்ததும் ஆட்டம் தளர்ந்துவிடும். எறிந்த திருப்தியில் ஒரு கணம் நின்றுவிடுவாள். ஜூடோவில் அந்த ஒரு கணம் போதும், எதிராளி திரும்பிப் படுத்துத் தப்பித்துவிடுவாள். அந்தக் கணத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு வருடமாகத் தரையில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தேன். குராஷில் தரைச் சண்டையே கிடையாது. விழுந்ததும் நடுவர் நிறுத்திவிடுவார், இருவரும் எழுந்து மறுபடி நிற்க வேண்டும். எந்தப் பழக்கத்தை நான் உடைக்கப் பார்த்தேனோ அதையே அங்கே போய் வளர்த்துக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். இப்போதும் அது சரியான பயம் என்றுதான் நினைக்கிறேன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய பெண்தான்.

சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியிருப்பாள். "ரெண்டு நாள்தானே மாஸ்டர், வந்ததும் தரையிலேயே கெடக்குறேன்" என்றிருப்பாள். விதி என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். அதனால்தான் விதியைச் சொன்னேன்.

ஆகஸ்ட் கடைசியில் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. குராஷ் முதல் தடவையாக அங்கே பதக்க விளையாட்டாகியிருந்தது. பெண்கள் 52 கிலோவில் டெல்லியைச் சேர்ந்த பிங்கி பல்ஹாராவுக்கு வெள்ளி, பெலகாவியின் மாலபிரபா ஜாதவுக்கு வெண்கலம். இரண்டு பேரும் ஜூடோவிலிருந்து போனவர்கள். 52 கிலோதான் இவளுடைய எடையும். ஒருத்தி பையன் ஒருவனுடைய ஃபோனில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். பச்சை, நீலச் சட்டைகள், கழுத்தில் பதக்கம். நாலைந்து பேர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அவங்களுக்கு ரூல் இல்லையா மாஸ்டர்?"

குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அவங்க விஷயம் வேறம்மா" என்றேன். "போய் வார்ம்-அப் பண்ணு."

முதல் தடவை சொன்னதையாவது அவசரத்தில் வந்த வார்த்தை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது தடவை எனக்கு ஆறேழு மாதம் அவகாசம் இருந்தது. அப்போதும் அதையே செய்தேன்.

அவள் அன்று போயிருந்தால் ஜகார்த்தா போயிருப்பாள் என்று நான் சொல்லவில்லை. அந்த மாதிரிக் கணக்கெல்லாம் போட எனக்கு உரிமையில்லை, அந்த இரண்டு பெண்களின் உழைப்பையும் அது சிறுமைப்படுத்தும். எனக்கு உறுத்துவது வேறு. அவள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நான் தவறான தகவலைக் கொடுத்து, முடிவு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் செய்துவிட்டேன்.

இதில் என்னுடைய சொந்தக் கதை ஒன்றும் இருக்கிறது. நான் ஜூடோவுக்குக் கபடியிலிருந்து வந்தவன். ஊரில் ரைடர் காலைத் திருப்புவதற்குள் கணுக்காலை அள்ளுகிற கை. ஜூடோவில் அதற்கு மொரோதே-காரி என்று ஒரு பெயர் இருப்பதே மேட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். இரண்டு காலையும் கோத்துப் பிடித்து எதிராளியைப் பின்னால் சாய்ப்பது. எனக்கு மாநிலப் பதக்கம் வாங்கிக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரே பிடிதான். 2010-ல் நேரடியாகக் காலைப் பிடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியேற்றம் என்று விதி வந்தது. 2013-ல் இன்னும் இறுக்கினார்கள், பெல்ட்டுக்குக் கீழே கையே போகக் கூடாது. மல்யுத்தம் மாதிரித் தெரியக் கூடாது, ஜூடோ தனியாகத் தெரிய வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். என் பிடி போனது. நான் ஆடுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வந்தேன்.

ஆக, வேறொரு விளையாட்டு கொடுத்ததை வைத்துத்தான் நான் ஜூடோவில் நின்றேன். என்னை விடுங்கள். 1964-ல் டோக்கியோவில் ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது சோவியத் ஒன்றியம் சாம்போ வீரர்களை அழைத்துக்கொண்டு வந்து நாலு வெண்கலம் வாங்கியது. மங்கோலியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் 2008 பெய்ஜிங்கில் ஜூடோவில் வந்தது. நைதான்கீன் துவ்ஷின்பயார் 100 கிலோவில் வாங்கினார், அவர் வளர்ந்தது அவர்கள் ஊர் மல்யுத்தத்தில். 2016 ரியோவில் 81 கிலோவில் வெள்ளி வாங்கிய அமெரிக்கர் டிராவிஸ் ஸ்டீவன்ஸ் ஜியு-ஜிட்சுவிலும் கறுப்பு பெல்ட். தரையில் அவரிடம் மாட்டினால் எழுந்திருக்க முடியாது. இதையெல்லாம் நானே பிள்ளைகளிடம் வகுப்பில் சொல்லுவேன். ராண்டோரி என்கிற பயிற்சிச் சண்டை முடிந்து எல்லோரும் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடிக்கும்போது கதை மாதிரி சொல்லுவேன். அவளும் கேட்டிருக்கிறாள். ஒருவேளை அந்தக் கதைகளைக் கேட்டுத்தான் தாளோடு வந்தாளோ என்று பிறகு தோன்றியது.

சம்மேளனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. முன்னணி வீரருக்காகப் பல வருடம் செலவழிக்கிறார்கள். அவர் ஒலிம்பிக் வருடத்தில் சாம்போ மேட்டில் காலை மடக்கிப் பூட்டும் கால்பூட்டில் மாட்டி முழங்கால் தசைநார் அறுந்து வந்தால் யார் பொறுப்பு? சக பயிற்சியாளர் ஒருவர் கேட்டபோது அவளை அனுப்பாததற்கு நானும் இதே முழங்கால் காரணத்தைத்தான் சொன்னேன். அவர் தலையாட்டினார். குராஷில் மூட்டுப்பூட்டு எதுவுமே கிடையாது என்பது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. அல்லது எனக்கு வந்தது, சொல்லவில்லை.

அதே 2018 ஜூலையில்தான் வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கவனிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் (CCI) அகில இந்திய சதுரங்க சம்மேளனத்துக்கு அபராதம் விதித்தது. அங்கீகரிக்காத போட்டியில் ஆடினால் தடை என்று சம்மேளனம் வைத்திருந்த விதியைத் தவறு என்றது. நான் அதைப் படித்தது மிகவும் தாமதமாக. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சர்வதேச ஐஸ் ஸ்கேட்டிங் சம்மேளனம் தொடர்பான வழக்கிலும் அதே பக்கம் நின்றது. இரண்டு டச்சு வீரர்கள் கொண்டுபோன புகார் அது. போட்டி நடத்துகிறவரும் இன்னொருவர் போட்டி நடத்தலாமா என்று அனுமதி கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த அனுமதிக்குத் தெளிவான அளவுகோல் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். படித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எங்கள் ஹால்தான் கண்ணுக்குள் வந்தது. அந்தச் சின்ன இடத்தில் போட்டிக்கு அனுப்புகிறவனும் நான், அனுமதி கொடுக்கிறவனும் நான். பிள்ளை ஜெயித்தால் என் பெயருக்கும் நல்லது. குராஷில் ஜெயித்திருந்தால் அந்தப் பயிற்சியாளர் இடத்தில் யார் பெயர் வந்திருக்கும் என்று அன்றைக்கு நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை.

அந்த வருடம் நேஷனல்ஸில் அவளுக்கு வெண்கலம் கிடைத்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எறிந்தாள், வசாரி. அது பாதி வெற்றி, இரண்டு வாங்கினால் முழு வெற்றி. நிற்கவில்லை. அப்படியே கூடவே இறங்கிப் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துவிட்டாள். ஸ்கோர்போர்டில் விநாடி ஓடுவதை நான் மேட் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். பத்து விநாடி போதும், இன்னொரு வசாரி, ஆட்டம் முடிந்தது. எழுந்து வந்து என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஒரு வருடம் தரையில் கிடந்ததற்குப் பலன். அன்றைக்கு நான் செய்தது சரி என்று முழுதாக நம்பினேன். அந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. குராஷ் போய் வந்திருந்தால் அந்தப் பிடி விழுந்திருக்குமா? தெரியாது. விழுந்துமிருக்கலாம்.

பிறகு கல்லூரி, உடற்கல்விப் படிப்பு, கல்யாணம். இப்போது ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். பொங்கலுக்குத் தவறாமல் ஃபோன் பண்ணுவாள். "அந்த ரூல் உனக்கு இல்லம்மா, நான் தெரிஞ்சேதான் சொன்னேன்" என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அவள் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றியும் பள்ளியில் மேட் வாங்கித் தராத தலைமையாசிரியரைப் பற்றியும் பேசுகிறாள். நானும் அதையே பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். அவளுக்கு அது ஞாபகமே இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் சொல்வது என் பாரத்தை இறக்குவதற்கு மட்டும்தானே என்றும் ஒரு எண்ணம்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ முடித்தவன், 66 கிலோ. ஜியு-ஜிட்சு போட்டி ஒன்றுக்குப் போக வேண்டுமாம், ஃபாரத்தோடு வந்தான். இந்தத் தடவை சரியாகச் செய்துவிட வேண்டும் என்று அவனை உட்கார வைத்தேன். விதி என்ன, யாருக்கு, உனக்கு அது ஏன் பொருந்தாது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அங்கே கால்பூட்டு எந்தப் பிரிவில் அனுமதி, எப்போது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதையும் சொன்னேன். "எனக்குக் கேட்டா, ஸ்டேட் மீட்டுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இது வேண்டாம்னு தோணுது. ஆனா முடிவு உன்னோடது" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டேன்.

அவன் ஃபாரத்தைக் கையில் எடுத்தான், கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாஸ்டருக்கே வேண்டாம்னு தோணுதுன்னா விட்டுடலாம் மாஸ்டர்" என்று சொல்லி என் மேசையிலேயே வைத்துவிட்டு மேட்டுக்குப் போனான்.

கூப்பிட்டு, "இல்லடா, எடுத்துக்கோ" என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் அவன் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டான். ஃபாரம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. கடைசித் தேதி நாளை மறுநாள்.