ஜெயித்தால் ஒரு பக்கம், தோற்றால் ஒரு பக்கம்

தென்னாப்பிரிக்க ரக்பி அணியான ஸ்பிரிங்பாக்ஸ் வேல்ஸோடு ஆடினால் ஞாயிறு பதிப்புக்கு ஒரு பக்கம் தயார் செய்வோம். நியூசிலாந்து அணியான ஆல் பிளாக்ஸோடு ஆடினால் இரண்டு: ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. டர்பனில் ஓர் ஆங்கில நாளிதழின் விளையாட்டு டெஸ்கில் சப் எடிட்டராக இருக்கிறேன். ரக்பியை நான் கற்றுக்கொண்டதே இந்த இரண்டு பக்கங்களை வைத்துத்தான்.

மதுரையில் இருந்தபோது இந்தியா–பாகிஸ்தான் கிரிக்கெட்டுக்குத் தலைப்பு போட்டுப் பழகிய கை இது. எதிரணி என்றால் கேலி, கிண்டல், பழைய கணக்கு. இங்கே வந்ததும் எதிராளியை இவ்வளவு தூக்கி வைத்து எழுதுகிறார்களே என்று திகைத்துப்போனேன். ஆட்டம் சனிக்கிழமை என்றால் திங்கட்கிழமையே புகழ்மாலை ஆரம்பமாகிவிடும். ஆக்லாந்து ஈடன் பார்க்கில் 1994-க்குப் பிறகு அவர்கள் தோற்றதே இல்லை. அங்கே நாம் கடைசியாக ஜெயித்தது 1937-இல். ஆட்டத்துக்கு முன் அவர்கள் ஹாக்கா என்ற மாவோரிப் போர் நடனம் ஆடும்போது எதிரே நின்றவனுக்குத்தான் அதன் கனம் தெரியும். இந்த வரிகளை நானே எத்தனையோ முறை வெட்டி ஒட்டியிருக்கிறேன். இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். எதிராளி உயர உயர நம் வெற்றிக்கு விலை ஏறும். அந்த வியாபாரக் கணக்கு பத்திரிகைக்காரனுக்கு நன்றாகவே தெரியும்.

இதை நான் கண்ணால் பார்த்தது 2022 ஆகஸ்டில். அயர்லாந்து நியூசிலாந்துக்கே போய்த் தொடரை வென்றுவிட்டது. அடுத்து இங்கே ம்பொம்பேலாவில் ஸ்பிரிங்பாக்ஸ் அவர்களை 26–10 என்று ஜெயித்தார்கள். டெஸ்கில் கொண்டாட்டம்தான், ஆனால் கூடவே ஓர் அசௌகரியமும். இவர்கள் இப்படிச் சரிந்துபோனால் அடுத்த வாரம் எதை விற்பது? பயிற்சியாளர் இயன் ஃபாஸ்டரை வீட்டுக்கு அனுப்பு என்று அவர்கள் ஊரில் ஒரே கூச்சல். மறு வாரம் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் அதே அணி 35–23 என்று நம்மைத் தோற்கடித்தது. ஃபாஸ்டரின் வேலையும் தப்பியது. அன்று தோல்விப் பக்கத்தை அனுப்பிவிட்டு எங்கள் ஆட்கள் காப்பி குடிக்கப் போன முகங்களில் அப்படியொன்றும் துக்கம் தெரியவில்லை.

அவர்கள் தரப்பிலும் இதே கதைதான். நியூசிலாந்துப் பத்திரிகைகளைக் காலையில் மேய்வது என் வேலைகளில் ஒன்று. ஆல் பிளாக்ஸ் தோற்றால் அங்கே ஏதோ அமைச்சரவை கவிழ்ந்த தோரணை. நம் ஆட்களைப் பற்றி எழுதும்போது உடம்பு, எடை, ஸ்க்ரம் என்ற முட்டித் தள்ளல், உயர உதைக்கும் பந்து, இவை மட்டும்தான் கண்ணில் படும். எங்கள் செஸ்லின் கோல்பி மாதிரி ஒரு சின்ன உருவம் நாலு பேரை ஏமாற்றிவிட்டு ஓடினாலும் அடுத்த வாரம் மறுபடி ‘பாறைகள்’தான். நாமும் குறைந்தவர்கள் இல்லை. நியூசிலாந்தர் என்றால் கைவித்தை, பிறவிக் கலைஞர் என்று எழுதுவோம். அவர்கள் முன்வரிசை எத்தனை முறை நம்மை நசுக்கியிருக்கிறது என்பதை எழுத மாட்டோம். நீளமான உண்மையை அறுபது புள்ளி எழுத்தில் தலைப்பாகப் போட முடியாது, இரண்டு சொல் அபிப்பிராயத்தைப் போடலாம்.

பழைய இதழ்களைப் புரட்டினால் இந்த எதிர்பார்ப்புகளின் ஆயுள் தெரியும். 2017 செப்டம்பரில் நியூசிலாந்தின் ஆல்பனியில் ஆல் பிளாக்ஸிடம் 57–0 என்று தோற்ற மறுநாள், தென்னாப்பிரிக்க ரக்பிக்கே இரங்கல் எழுதியிருக்கிறோம். இரண்டே வருடத்தில் யோகோஹாமாவில் இங்கிலாந்தை 32–12 என்று வீழ்த்தி உலகக் கோப்பை வந்தது; கேப்டன் சியா கொலிசி கையில் கோப்பை. இரங்கல் எழுதியவர்களே வாழ்த்துப்பாவும் எழுதினார்கள்.

2023 அக்டோபர் 28 இரவு மறக்காது. பாரிஸில் ஆல் பிளாக்ஸோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், நம் கடிகாரத்துக்கும் அங்கே ஆட்டம் தொடங்கும்போது இரவு ஒன்பது மணி. காலிறுதியில் பிரான்ஸை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15 என்று ஒரே ஒரு புள்ளியில் தாண்டி வந்த அணி. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். தோல்விப் பக்கத்தை எப்போதும் எங்கள் மூத்த சப் எடிட்டரிடம்தான் கொடுப்பார்கள். டர்பனில் இந்தியர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்காரர், எங்களுக்கெல்லாம் அங்கிள். அதை அவர் அவ்வளவு ரசித்துச் செய்வார். ஆல் பிளாக்ஸ் கேப்டன் சாம் கேனுக்கு ரெட் கார்டு விழுந்தது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ரெட் கார்டு வாங்கிய முதல் ஆள் அவர். பதினைந்துக்குப் பதில் பதினான்கு பேராக ஆடியும் அவர்களின் போடன் பாரெட் எங்கள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்து ஒரு ட்ரை அடித்தார். 12–11, நாம்தான் மேலே. அதோடு ஸ்கோர் உறைந்துபோனது. 73-ஆவது நிமிடம் மஞ்சள் அட்டை வாங்கி வெளியே உட்கார்ந்த கோல்பி, ஜெர்சியைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். “அந்தப் படத்தை எடுத்து வை, எந்தப் பக்கத்துக்கும் ஆகும்” என்றார் அங்கிள். ஜோர்டி பாரெட்டின் பெனால்டி உதை கம்பத்துக்கு வெளியே போனது. என் திரையிலும் அவர் திரையிலும் இரண்டு பக்கங்களும் தயாராக இருந்தன. போனது என்னுடையது. அவர் தன்னுடையதை ஒருமுறை முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டு, ஒரு கமாவைத் திருத்திவிட்டு, அழித்தார்.

அங்கிள் ஆல் பிளாக்ஸ் ரசிகர். டர்பனில் அவர் வயதுத் தமிழர்கள் பலர் அப்படித்தான். சிறையில் இருந்தபோது எதிரணிக்கே கைதட்டினோம் என்று மண்டேலாவே சொல்லியிருக்கிறார். நிறவெறி ஆட்சிக் காலத்தில் அது வெள்ளையர் மட்டுமே போடக்கூடிய பச்சை ஜெர்சி. மைதானத்தில் மற்றவர்களுக்குத் தனி மூலை. 1970-இல் ஆல் பிளாக்ஸில் இருந்த மாவோரி பழங்குடியினரையும் சமோவா வம்சத்து பிரையன் வில்லியம்ஸையும் ‘கௌரவ வெள்ளையர்’ என்று சொல்லி உள்ளே விட்டது அரசு. அந்த மூலையில் இருந்தவர்கள் அவர்களுக்காகக் கத்தினார்கள்.

1976-இல் சோவெட்டோவில் போராடிய கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்ட மறு மாதம் டர்பன் கிங்ஸ் பார்க்கில் ஆல் பிளாக்ஸோடு முதல் டெஸ்ட். ஸ்பிரிங்பாக்ஸ் 16–7. “அப்பா என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாரு தம்பி. சித்தப்பா வரல. அந்த மாதிரி ஆட்டத்தைப் பார்க்கப் போறதே தப்புன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. ஆயா சமைச்சத சித்தப்பா அன்னிக்குச் சாப்பிடல” என்பார் அங்கிள். சித்தப்பாவின் நியாயமும் சின்னதில்லை. அசாதாரண சமூகத்தில் சாதாரண விளையாட்டு கிடையாது என்பதுதான் நிறவெறியை எதிர்த்த அன்றைய சாக்கோஸ் விளையாட்டு அமைப்பின் நிலை. அந்த அமைப்பு 1973-இல் தொடங்கியதும் இதே டர்பனில்தான். நியூசிலாந்து இங்கே ஆட வந்ததைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கையே விட்டு வெளியேறின. அங்கிளுக்குப் பிடித்த அணியும் சுத்தமான கை உள்ளதல்ல. அது அவருக்கும் தெரியும்.

1995-இல் மாறிவிட்டீர்களா என்று அங்கிளிடம் கேட்டிருக்கிறேன். எல்லிஸ் பார்க்கில் ஆல் பிளாக்ஸோடு உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஆறாம் எண் ஸ்பிரிங்பாக்ஸ் ஜெர்சியோடு மண்டேலா, கூடுதல் நேரத்தில் யோயல் ஸ்ட்ரான்ஸ்கி பந்தைத் தரையில் தட்டி உதைத்த ட்ராப் கோல், 15–12 என்று நமக்கு வெற்றி. நாடே அழுத நாள். அங்கிள் பேச்சை அதற்கு முந்தைய வாரம் கிங்ஸ் பார்க்கில் நடந்த அரையிறுதிக்குத் திருப்பினார். கொட்டும் மழையில் மைதானம் குளமாகிவிட, துடைப்பத்தோடு பெண்கள் இறங்கித் தண்ணீரைத் தள்ளினார்கள். “தண்ணி தள்ளினவங்க எல்லாம் கறுப்புப் பொம்பளைங்க. டீம்ல வெள்ளை இல்லாத ஆளு செஸ்டர் வில்லியம்ஸ் ஒருத்தன்தான். மண்டேலாவுக்குக் கை தட்டினேன். டீமுக்குத் தட்ட இன்னும் கொஞ்சம் நேரம் பிடிச்சுது.” இப்போது தட்டுகிறாரா என்றால், கொலிசிக்குத் தட்டுவார், ஆல் பிளாக்ஸ் வந்தால் மட்டும் பழைய ஆள். அவர் பேத்திக்கு இது கொஞ்சமும் புரியாது. பச்சை ஜெர்சியில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை.

இந்த ரசிகர்களை எங்கள் பக்கத்தில் எங்கே வைப்பது என்று பத்திரிகைக்கு இன்றுவரை தெரியவில்லை. நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று ஆசிரியருக்குக் கடிதம் வந்தால் போடுகிறோம். பழைய காயம், பாவம் என்று உருகும் கட்டுரை வந்தாலும் போடுகிறோம். ஆட்டம் தெரிந்து, யோசித்து, ஓர் அணியைத் தேர்ந்தெடுத்த ரசிகர் என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை. கேப் டவுனில் கிறைஸ்ட்சர்ச்சின் க்ரூசேடர்ஸ் அணிக்குக் கொடி பிடிப்பவர்களையும் இப்படித்தான் நடத்துகிறோம்.

2025 செப்டம்பரில் வெலிங்டனில் 43–10. ஆல் பிளாக்ஸ் வரலாற்றிலேயே ஆகப் பெரிய தோல்வி. நமக்குக் காலை ஆட்டம். ஞாயிறு பதிப்புக்கு ஒரு நாள் முழுக்க அவகாசம் இருந்ததால் ‘சாம்ராஜ்யம் சரிந்தது’ ரகத்தில் நாலு பக்கம் ஓட்டினோம். முந்தின வாரம்தான் ஈடன் பார்க்கில் 24–17 என்று தோற்றிருந்தோம் என்பது நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி. அங்கிள் அன்றைக்கு விடுப்பு.

2026-இல் ஆல் பிளாக்ஸ் பழைய காலம் மாதிரி நீண்ட சுற்றுப்பயணமாக வருவதாக அறிவிப்பு வந்ததும் சிறப்புப் பக்கங்களுக்கு யோசனை கேட்டார்கள். அங்கிளின் கதையை அவரே எழுதட்டும் என்றேன். ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. ஆனால், ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றி வந்த முதல் கப்பல் 1860-இல் கரை சேர்ந்த நவம்பர் 16-க்கு வருடாவருடம் போடும் இந்திய வம்சாவளி இணைப்பில் சேர்க்கலாம் என்றார். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஸ்கோர் கார்டுக்குப் பக்கத்துல இடம் இருந்தா எழுதறேன். அந்த இணைப்புக்குன்னா ஆயாவோட கறி ரெசிப்பி தரேன், வாங்கிக்கோங்க” என்றார். பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை.