முடிவு தெரிந்தும் பார்க்கிற படம்

'தி கிரேட் எஸ்கேப்' (1963) படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்ற கணக்கை விட்டுவிட்டேன். சண்டைக்காக இல்லை, அதில் சண்டையே குறைவு. மண்ணுக்காக! ஜெர்மன் முகாமில் போர்க் கைதிகள் சுரங்கம் தோண்டுகிறார்கள். தோண்டிய மண்ணை எங்கே ஒளிப்பது? கால்சட்டைக்குள் நீளப் பைகளைத் தொங்கவிடுகிறார்கள். கயிற்றை இழுத்தால் மண் கால் வழியே கொட்டும். ஒன்றும் தெரியாத மாதிரி நடந்துகொண்டே அதைக் காலால் தோட்ட மண்ணில் கலந்துவிடுவார்கள். காவலாளி திரும்பினால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

1944இல் நிஜமாகவே 76 பேர் வெளியேறினார்கள். தப்பித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் 3 பேர்தான்; 50 பேரைப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். படம் அந்தக் கொலைகளை மறைக்கவில்லை. மோட்டார் சைக்கிள் துரத்தல் மட்டும் சுத்தக் கற்பனை. அதில் வண்டியோடு வேலியைத் தாண்டியவரும் கைதியாக நடித்த ஸ்டீவ் மெக்வீன் இல்லை, அவருக்குப் பதிலாக ஓட்டிய அவருடைய நண்பர் பட் எகின்ஸ்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) வேறு ரகம். இருபது வயதில் பார்த்தபோது, அதில் ஜப்பானியரிடம் கைதியாக இருக்கும் பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் நிக்கல்சன் எனக்கு வீரர். இப்போது பார்த்தால், எதிரிக்கு நல்ல பாலம் கட்டிக் கொடுத்துப் பெருமைப்படும் பிடிவாதக்காரர். அடுத்த முறை எப்படித் தெரிவாரோ!

சரி, மெக்வீன் இரண்டாவது முள்வேலியில் சிக்குவார் என்று தெரியும். இருந்தும் ஒவ்வொரு தடவையும் 'தாண்டுடா' என்கிறேன்.